வைக்கோலிலிருந்து சர்க்கரையும் எரிசாராயமும்

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்பது குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் பழமொழி. பயிரின் அடிக்கட்டை நிலத்திற்கு உரமாகவும், நடுத்தண்டு கால்நடைகளுக்குத் தீவனமாகவும், கதிர் மனிதருக்கு உணவாகவும் போய்ச் சேரவேண்டும் என்பதே இதன் கருத்து. இந்த மூன்று பங்காளிகளுக்கும் அடுத்தபடியாக நான்காவது பங்காளி ஒருவர் இப்போது களத்து மேட்டில் வந்து நிற்கிறார். வைக்கோல், கரும்புச் சக்கை, மக்காச்சோளத் தட்டை, மூங்கில் முதலியவற்றைச் சர்க்கரையாக மாற்றி, அச்சர்க்கரையைப் புளிக்கவைத்து, மோட்டார்களை ஓட்டும் எரிசாராயமும் பலவகை இரசாயனப் பொருள்களும் உற்பத்தி செய்யும் தொழிற்சாலையே அந்தப் பங்காளி. அவருக்குப் பங்கு கொடுக்கலாமா, கொடுத்தால் எவ்வளவு, யாருடைய பங்கிலிருந்து கொடுப்பது என்பவை நிலச்சொந்தக்காரர்கள் தீர ஆலோசித்து முடிவு செய்யவேண்டிய விஷயங்கள். அம்முடிவுக்கு வேண்டிய விவரங்கள் இக்கட்டுரையில் எடுத்துச் சொல்லப்படுகின்றன.

வைக்கோலில் சர்க்கரை எங்கே இருக்கிறது?

வைக்கோலை வாயிலிட்டு எவ்வளவு நேரம் மென்றாலும் இனிப்பு தட்டுவதில்லை. ஆனால் ஒரு பிடி சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் சற்று நேரத்தில் இனிக்கத் தொடங்குகிறது. சோற்றிலுள்ள மாவுப்பொருள், உமிழ்நீரிலுள்ள ஒருவகை நொதிப்பொருளினால் உடைந்து சர்க்கரையாவதே இதற்குக் காரணம். முளைகட்டிய கேழ்வரகின் மாவு இனிப்பதும் இதே விதத்தில்தான்.

மாவுப்பொருள் என்பது குளுகோஸ் என்னும் சர்க்கரையின் அணுத்திரள்கள் மணிமாலைபோல் கோத்து அமைந்த ஒரு பொருள். வைக்கோலில் பெரும் பங்காக உள்ள ஸெல்லுலோஸ் என்பதும் அதே குளுகோஸ் மணிகளால் கோத்ததே. வித்தியாசம் கோக்கப்பட்ட முறையில் மட்டும் உள்ளது. மாவுப்பொருளின் மாலைகள் நெகிழ்ந்து சுருண்டிருப்பதால் நீரும் நொதிப்பொருளும் எளிதில் உட்புகுகின்றன. ஸெல்லுலோஸின் மாலைகளோ நேராக நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, முறுக்கேறிய கயிற்றைப்போல் இறுகிக் கிடக்கின்றன. அதனால்தான் சோறு வேகிறது, வைக்கோல் வேகுவதில்லை.

இதுவன்றியும், ஸெல்லுலோஸ் தனித்து நிற்பதில்லை. கிராமத்தில் மண்சுவர் வைக்கும் முறையை நினைத்துப் பார்த்தால் வைக்கோலின் அமைப்பு எளிதில் விளங்கும். முதலில் மூங்கிற் பிளாச்சுகளை நிறுத்தி, அவற்றைக் கயிற்றால் பிணைத்து, பிறகு களிமண்ணை அப்பி மெழுகுகிறார்கள். வைக்கோலில் பிளாச்சின் ஸ்தானத்தில் இருப்பது ஸெல்லுலோஸ். கயிற்றின் ஸ்தானத்தில் இருப்பது ஹெமிஸெல்லுலோஸ். களிமண்ணின் ஸ்தானத்தில் இருப்பது லிக்னின். நன்றாக உலர்ந்த நெல் வைக்கோல் 100 கிலோவில் ஏறக்குறைய 35 கிலோ ஸெல்லுலோஸும், 20 கிலோ ஹெமிஸெல்லுலோஸும், 12 முதல் 15 கிலோ வரை லிக்னினும் உண்டு. எரித்தால் எஞ்சும் சாம்பல் 12 முதல் 18 கிலோ வரை இருக்கும்; இதில் பெரும்பாகம் மணற்சத்தாகிய ஸிலிகா.

ஹெமிஸெல்லுலோஸும் சர்க்கரைகளால் ஆனதே. ஆயினும் அதில் அதிகமாக உள்ளது குளுகோஸ் அன்று. ஸைலோஸ் என்னும் வேறொரு சர்க்கரை. லிக்னினில் சர்க்கரை இல்லை. மண்சுவரை மழையினின்றும் காப்பதுபோல் தண்டைக் கிருமிகளினின்றும் காப்பதே அதன் வேலை.

இச்சுவரை உடைக்கும் வித்தையை இயற்கை முன்னமே அறிந்திருக்கிறது. பசுவின் பெருவயிற்றில் வசிக்கும் கிருமிகள் வைக்கோலைப் புளிக்கவைத்து அதன் சத்தைப் பசுவுக்குக் கொடுக்கின்றன. கறையானின் குடலிலும், மழைக்காலத்தில் நனைந்த போரின்மேல் பூக்கும் காளானிலும் நடப்பது இதுவே. தொழிற்சாலைக்காரர்கள் செய்ய முயல்வது, மாடு ஒரு நாளில் அமைதியாகச் செய்யும் வேலையை இரும்புக் கொப்பரைகளில் பெருமளவில் செய்வதேயாகும்.

இம்முயற்சியின் வரலாறு

இது நேற்றுத் தோன்றிய யோசனையன்று. பிரான்ஸ் தேசத்து ரசாயன சாஸ்திரியாகிய ஆன்ரி பிரகோனோ 1819ஆம் ஆண்டிலேயே மரத்தூளையும் பழைய நார்த்துணியையும் கடுமையான கந்தகத் திராவகத்தில் கரைத்து, அக்கரைசலிலிருந்து சர்க்கரை எடுத்துக் காட்டினார். அதே தேசத்தவராகிய ஆன்ஸெல்ம் பாயென் 1838ஆம் ஆண்டில் தாவரங்களின் உடற்பொருளைப் பிரித்தெடுத்தார். ஸெல்லுலோஸ் என்ற பெயரும் அவர் ஆராய்ச்சியினின்று வந்ததே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணத்தில் ஜார்ஜ்டவுன் என்னுமிடத்தில், மர ஆலைக் கழிவிலிருந்து சாராயம் இறக்கும் தொழிற்சாலை ஒன்று ஏற்பட்டது. முதல் உலக யுத்தத்திற்குப் பின் மரக்கழிவு குறைந்தபடியால் அது நின்றுபோயிற்று. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் ஷோலர் என்பவர் நீர்த்த கந்தகத் திராவகத்தாலும், பிரெடரிக் பெர்கியுஸ் என்பவர் கடுமையான ஹைட்ரோகுளோரிக் திராவகத்தாலும் மரத்தைச் சர்க்கரையாக்கும் முறைகளை வகுத்தனர். பெட்ரோல் தட்டுப்பாடு மிகுந்த இரண்டாவது உலக யுத்த காலத்தில் இம்முறைகள் அங்கே கையாளப்பட்டன. யுத்தம் முடிந்து மலிவான பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அவற்றின் பெருமை மங்கிற்று. சோவியத் நாட்டில் 1930களில் தொடங்கிய இத்தகைய ஆலைகள் வெகுகாலம் நடந்து, சாராயமும் கால்நடைத் தீவன ஈஸ்டும் உற்பத்தி செய்துவந்தன.

திராவக முறைக்கு மாற்றாகிய நொதிப்பொருள் முறை எதிர்பாராத ஓர் இடத்தில் பிறந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஸாலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் விரைவில் இற்றுப்போயின. காரணத்தை ஆராய்ந்தபோது, பருத்தியின் ஸெல்லுலோஸை ஒரு பூஞ்சணம் சர்க்கரையாக்கித் தின்று வருவது தெரிந்தது. அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆராய்ச்சிசாலையில் எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் என்பவர்கள் அப்பூஞ்சணத்தைப் பல ஆண்டுகள் பரிசோதித்தனர். துணியைக் காக்கப் புறப்பட்ட ஆராய்ச்சி, துணியையும் வைக்கோலையும் சர்க்கரையாக்கும் ஆராய்ச்சியாக மாறிற்று. 1977ஆம் ஆண்டில் அப்பூஞ்சணத்திற்கு ரீஸ் அவர்களின் பெயரால் டிரைகோடெர்மா ரீஸை என்று நாமகரணம் செய்யப்பட்டது. வேரழுகல் வராமலிருக்க நம் விவசாயிகள் விதைநேர்த்திக்கு உபயோகிக்கும் டிரைகோடெர்மா விரிடி என்பது இதன் நெருங்கிய உறவினம். இன்று உலகெங்கும் ஸெல்லுலோஸைக் கரைக்கும் நொதிப்பொருளில் பெரும்பாகம் இப்பூஞ்சணத்தின் வழிவந்த வகைகளிலிருந்தே எடுக்கப்படுகிறது.

தொழிற்சாலையில் நடக்கும் வேலை

வைக்கோல் எரிசாராயமாவதற்கு ஐந்து படிகள் உண்டு.

முதலாவது, சுத்தம் செய்து நறுக்குதல். கட்டுகளைப் பிரித்து, மண்ணும் கல்லும் கயிறும் நீக்கி, வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். இது எளிதாகத் தோன்றினும் பல ஆலைகள் தடுமாறியது இப்படியிலேயே. வைக்கோலிலுள்ள மணற்சத்தும் அதனோடு வந்த வயல்மண்ணும் கத்திகளையும் குழாய்களையும் அரம்போல் தேய்த்துவிடுகின்றன.

இரண்டாவது, பதப்படுத்துதல். நறுக்கிய வைக்கோலை நீர்த்த கந்தகத் திராவகத்தில் நனைத்து, மூடிய கொப்பரையில் 160 முதல் 190 டிகிரி ஸென்டிகிரேட் வரையுள்ள நீராவியில் சில நிமிஷங்கள் வைத்து, அழுத்தத்தைத் திடீரென்று தளர்த்துகிறார்கள். பொரிக்கும்போது நெல் வெடித்து மலர்வதுபோல் வைக்கோலின் நார் வெடித்து விரிகிறது. மண்சுவரின் கயிறாகிய ஹெமிஸெல்லுலோஸ் கரைந்து ஸைலோஸ் ஆகிறது. களிமண்ணாகிய லிக்னின் இளகி விலகுகிறது. சூடு மிஞ்சினால் சர்க்கரை கருகி, பின்னர் ஈஸ்டைக் கொல்லும் நஞ்சுகள் உண்டாகின்றன. சூடு குறைந்தால் நார் திறப்பதில்லை. ஆகையால் இங்கே பாகுபதம் அறிந்து இறக்கும் வெல்லக்காரரின் கவனம் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, சர்க்கரையாக்குதல். பதப்பட்ட கூழின் புளிப்பைச் சமன்செய்து, ஏறக்குறைய 50 டிகிரிச் சூட்டில் நொதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். நொதிப்பொருள் ஒன்றல்ல, மூன்று இனம் சேர்ந்து வேலை செய்கின்றன. ஓர் இனம் ஸெல்லுலோஸ் மாலையை நடுவில் வெட்டுகிறது. இரண்டாவது இனம் வெட்டுண்ட நுனிகளிலிருந்து இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றுகிறது. மூன்றாவது இனம் அவ்விரண்டையும் தனித்தனிக் குளுகோஸாகப் பிரிக்கிறது. இது முடிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும்.

நான்காவது, புளிக்கவைத்தல். சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் சேர்த்து 30 முதல் 35 டிகிரிச் சூட்டில் வைக்க, குளுகோஸ் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. சாதாரண ஈஸ்ட் ஸைலோஸைத் தொடுவதில்லை. அதையும் உண்ணும்படி மரபணு மாற்றி உருவாக்கிய ஈஸ்ட் வகைகள் இப்போது உபயோகத்தில் உள்ளன.

ஐந்தாவது, வடித்தல். புளித்த நீரைக் காய்ச்சி வடிக்க ஏறக்குறைய 95 பங்கு சாராயமும் 5 பங்கு நீரும் கொண்ட வடிநீர் கிடைக்கிறது. எஞ்சிய நீரையும் உறிஞ்சும் கருவிகளால் நீக்கியபின் அது பெட்ரோலுடன் கலக்கத் தகுந்ததாகிறது. மிஞ்சும் லிக்னின் சக்கையைக் கொதிகலனில் எரித்து ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் பெறுகிறார்கள்.

ஓர் ஏக்கர் வைக்கோலின் கணக்கு

ஒரு டன் வைக்கோலில் 350 கிலோ ஸெல்லுலோஸ் இருப்பதாகக் கொண்டால், அது முழுவதும் உடைந்து நீருடன் சேர ஏறக்குறைய 390 கிலோ குளுகோஸ் ஆகவேண்டும். 100 கிலோ குளுகோஸ் புளித்தால் 51 கிலோ சாராயமும் 49 கிலோ கரியமில வாயுவும் உண்டாகும் என்பது ரசாயன விதி. அவ்வாறாயின் ஒரு டன் வைக்கோலின் ஸெல்லுலோஸிலிருந்து மட்டும் ஏறக்குறைய 250 லிட்டர் கிடைக்கவேண்டும். ஆனால் ஈரம், மண், கருகல், கரையாத நார் ஆகிய சேதாரங்கள் போக, பெரிய ஆலைகள் திட்டமிடும் அளவு இதைவிட மிகக் குறைவு.

இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஹரியானா மாநிலம் பானிபட்டில் இந்தியன் ஆயில் கம்பெனியார் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அமைத்த ஆலை 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலை எடுத்து ஏறக்குறைய 3 கோடி லிட்டர் எரிசாராயம் செய்வது அதன் திட்டம். அதாவது டன் ஒன்றுக்கு 150 லிட்டர்.

நல்ல நஞ்சையில் ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் கிடைப்பதாகக் கொண்டால் ஏக்கரின் வைக்கோல் 300 லிட்டர் எரிசாராயமாகும். ஒரு லிட்டர் எரிசாராயத்தின் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே 300 லிட்டர் என்பது 200 லிட்டர் பெட்ரோலுக்குச் சமானம். மறுபக்கத்தில், ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ வரை வைக்கோல் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் ஆகிறது. எனவே ஓர் ஏக்கர் வைக்கோல் என்பது ஒன்று 200 லிட்டர் பெட்ரோல். அல்லது ஒரு மாட்டின் ஓராண்டுத் தீவனம். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தபின்னரே விலை பேசவேண்டும்.

பானிபட்டில் பொருந்தியது எங்கும் பொருந்துமா?

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்லறுவடைக்கும் கோதுமை விதைப்பிற்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே உண்டு. நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டு 2009ஆம் ஆண்டில் இரு மாநிலங்களிலும் இயற்றப்பட்ட சட்டங்களால் நெல் நடவு தள்ளிப்போனமையால் அறுவடையும் தள்ளிப்போய், இடைவெளி மேலும் சுருங்கியது. அறுவடை இயந்திரம் வயலில் விட்டுச்செல்லும் தாளை அகற்ற ஆளும் அவகாசமும் இன்றி விவசாயிகள் தீ வைத்துவந்தனர். அக்டோபர், நவம்பர் மாதங்களில் டில்லி வரை புகை சூழ்வதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். அங்கே கோதுமை வைக்கோலே மாட்டுத் தீவனம். நெல் வைக்கோலை விரும்பி வாங்குவோர் குறைவு. எனவே அங்கே ஆலைக்குப் போகும் வைக்கோல் பெரும்பாலும் நெருப்புக்குப் போயிருக்கக்கூடியது.

தமிழ்நாட்டின் நிலைமை வேறு. இங்கே நெல் வைக்கோலே மாட்டின் முதன்மையான உலர்தீவனம். மழை பொய்த்த ஆண்டில் அதன் விலை ஏறுவதையும், லாரிகளில் வெளி ஜில்லாக்களுக்குப் போவதையும் யாவரும் அறிவர். சொந்த நிலமின்றி ஒன்றிரண்டு கறவைகளை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பிறர் வயல் வைக்கோலை நம்பியே இருக்கின்றன. ஆதலால் இங்கே நெல் வைக்கோலை ஆலைக்கு அனுப்புவது, நெருப்பின் பங்கையன்று, மாட்டின் பங்கை எடுத்துக் கொடுப்பதாக முடியக்கூடும். மாடு விரும்பாததும், பெரும்பாலும் கொளுத்தப்படுவதுமாகிய பொருள்கள் நம்மிடம் வேறு உண்டு. கரும்புத் தோகை, பருத்திமார், மக்காச்சோளக் கதிரின் சக்கை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நான்காவது பங்காளிக்கு இவற்றையே முதலில் காட்டுவது நியாயம்.

ஆலைகள் மூடப்பட்ட காரணங்கள்

இத்தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் மூடப்பட்ட ஆலைகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இத்தாலியில் கிரெஸ்சென்டினோ என்னும் ஊரில் 2013ஆம் ஆண்டு பெருமையுடன் திறக்கப்பட்ட ஆலை 2017ஆம் ஆண்டில் நின்றது. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்து ஹியூகோட்டனில் 2014ஆம் ஆண்டு திறந்த ஆலை அடுத்த ஆண்டே ஓய்ந்தது. அயோவா மாகாணத்தில் டூபான்ட் கம்பெனியார் 2015ஆம் ஆண்டு திறந்த ஆலையை 2017ஆம் ஆண்டில் கைவிட்டனர். ருமேனியாவில் கோதுமை வைக்கோலுக்காகக் கட்டிய பொடாரி ஆலை 2023ஆம் ஆண்டின் முடிவில் மூடப்பட்டது. இவற்றை நடத்தியவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர், முதலுக்கும் குறைவில்லை.

காரணங்களில் முதன்மையானது, வைக்கோல் இடத்தை அடைக்கும் பொருள் என்பது. பானிபட்டின் அளவாகிய 2 லட்சம் டன்னுக்கு, ஏக்கருக்கு 2 டன் வீதம், 1 லட்சம் ஏக்கரின் வைக்கோல் வேண்டும். ஆலை நாளொன்றுக்குச் செலவழிப்பது ஏறக்குறைய 550 டன். அறுவடையோ ஒரு மாதத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு மாதத்தில், லாரிக்கு 10 டன் வீதம், தினந்தோறும் 670 லாரிகள் வைக்கோலை ஏற்றிச்சென்று, ஆண்டு முழுவதும் நனையாமலும் தீப்பிடிக்காமலும் போரிட்டுக் காக்கவேண்டும். கரும்பு ஆலைக்கு இத்தொல்லை இல்லை. கரும்பை வெவ்வேறு மாதங்களில் நட்டு வெட்டுக் காலத்தை நீட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, முன்னே சொன்ன மண்ணும் மணற்சத்தும் இயந்திரங்களுக்குச் செய்யும் கெடுதல். மூன்றாவது, நொதிப்பொருளின் விலை. நான்காவது, விலைப்போட்டி. கழிவுப்பாகிலிருந்தும் தானியத்திலிருந்தும் எரிசாராயம் செய்வது எளிது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டிலேயே பெட்ரோலுடன் எரிசாராயம் கலப்பதற்குச் சட்டம் பிறந்தது கழிவுப்பாகை நம்பியே. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய கலப்புத் திட்டம் 2022ஆம் ஆண்டில் நூற்றுக்குப் பத்து என்ற அளவை எட்டியதும் பெரும்பாலும் கரும்பையும் தானியத்தையும் கொண்டே. வைக்கோல் ஆலைகளுக்கு உதவும் பொருட்டு மத்திய சர்க்கார் 2019ஆம் ஆண்டில் ஜீவன் யோஜனா என்னும் தனித் திட்டம் வகுக்க நேர்ந்ததிலிருந்தே இவ்வழி எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

எரிசாராயம் மட்டுமன்று

நிலைத்து நின்ற ஆலைகள் ஒரே சரக்கை நம்பி இருக்கவில்லை. நார்வே நாட்டின் ஸார்ப்ஸ்போர்கில் உள்ள ஆலை 1938ஆம் ஆண்டு முதல் மரக்கூழின் சர்க்கரை நீரைச் சாராயமாக்கி வருவதோடு, லிக்னினிலிருந்து வெனிலா வாசனைப் பொருளும் கட்டடச் சாந்துக்கு உதவும் பொருள்களும் செய்து விற்கிறது. அமெரிக்காவில் க்வேக்கர் ஓட்ஸ் கம்பெனியார் 1922ஆம் ஆண்டில், வீணாகக் குவிந்த ஓட்ஸ் உமியின் ஹெமிஸெல்லுலோஸிலிருந்து பர்பியூரால் என்னும் எண்ணெயை வியாபார அளவில் எடுத்தனர். இயந்திர எண்ணெய்களைச் சுத்தி செய்யவும் பிசின்கள் செய்யவும் அது பயன்படுகிறது. ஸைலோஸிலிருந்து ஸைலிடால் என்னும் இனிப்புப் பொருள் கிடைக்கிறது. அஸ்ஸாமில் நுமாலிகர் என்னுமிடத்தில் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கி வைக்கப்பட்ட மூங்கில் ஆலையும் எரிசாராயத்துடன் பர்பியூராலும் அஸெடிக் திராவகமும் எடுக்கும் விதமாகவே அமைக்கப்பட்டது. பசுவை வளர்ப்பவர் பாலை மட்டும் நம்பாமல் சாணத்தையும் கன்றையும் கணக்கில் சேர்ப்பது போன்றதே இது.

நிலம் இழப்பது என்ன?

ஒரு டன் நெல் வைக்கோலுடன் வயலைவிட்டுப் போகும் சத்துக்கள் இவை: தழைச்சத்து 5 முதல் 8 கிலோ, மணிச்சத்து ஏறக்குறைய 2 கிலோ, சாம்பல் சத்து 14 முதல் 20 கிலோ. ஏக்கருக்கு 2 டன் என்றால் சாம்பல் சத்து மட்டும் 28 முதல் 40 கிலோ வரை போகிறது. இதை ஈடுசெய்ய 47 முதல் 67 கிலோ வரை ம்யூரியேட் ஆப் பொட்டாஷ் வாங்கி இடவேண்டும். மாடு தின்ற வைக்கோலின் சத்து எருவாக வயலுக்குத் திரும்புகிறது. ஆலைக்குப் போனது திரும்புவதில்லை. திரும்பும்படி ஏற்பாடு செய்துகொண்டாலன்றி. கொளுத்துவதால் சாம்பல் சத்தில் பெரும்பகுதி தங்கினும், தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடுகிறது. மேல்மண்ணிலுள்ள நன்மை செய்யும் கிருமிகளும் மடிகின்றன. ஆகையால் கொளுத்துவதைக் காட்டிலும் விற்பது மேல். விற்பதைக் காட்டிலும் மாட்டுக்கிட்டு எருவைத் திருப்புவது மேல்.

விற்பவர்கள் கவனிக்கவேண்டியவை

ஆலைக்கோ ஏஜெண்டுக்கோ தாளும் தட்டையும் விற்க உடன்படுவோர் பின்வருவனவற்றைத் தவறாது கவனிப்பது நலம்.

1. வீட்டு மாடுகளுக்கு அடுத்த அறுவடை வரையிலும், அதற்குமேல் மூன்று மாதத்திற்கும் வேண்டிய வைக்கோலைப் போரிட்டு ஒதுக்கியபின்னரே மிச்சத்தை விலை பேசவேண்டும்.

2. அடிக்கட்டையை ஒட்ட அறுத்து விற்கலாகாது. அது நிலத்தின் பங்கு, மடக்கி உழுவதற்குரியது.

3. ஈரத்திற்கும் மண்ணுக்கும் எவ்வளவு கழிவு பிடிக்கப்படும் என்பதும், எடை யார் முன்னிலையில் போடப்படும் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். ஈரமாகக் கட்டிய கட்டு போரில் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்; சில சமயம் தானே தீப்பற்றும். ஆகையால் நன்கு உலர்ந்தபின் கட்டுவது இருதரத்தார்க்கும் இலாபம்.

4. கட்டும் கூலியும் வண்டிக்கூலியும் யாருடையவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளவேண்டும். கூலி போக நிற்கும் தொகையிலிருந்து, வயல் இழக்கும் சத்துக்கு ஈடான உரத்தின் விலையையும் கழித்துப் பார்த்து, எஞ்சுவதே உண்மையான ஆதாயம்.

5. கொதிகலன் சாம்பலைப் பரிசோதித்து, சாம்பல் சத்து இருக்குமாயின், அதை வயலுக்குத் திருப்பித் தருமாறு நிபந்தனை கேட்கலாம்.

6. ஆலை நின்றுபோனால் நஷ்டம் முழுவதும் விவசாயியின் தலையில் விழாதபடி, கட்டும் இயந்திரம் போன்ற விலையுயர்ந்த சாமான்களைத் தனித்து வாங்காமல், கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வேலை செய்வது புத்திசாலித்தனம்.

7. குத்தகை நிலமாயின் வைக்கோல் யாருக்குரியது என்பதைக் குத்தகைதாரருடன் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளவேண்டும். இதுவரை விலையற்றிருந்த பொருளுக்கு விலை வந்தவுடன் வழக்கும் வருவது உலக இயல்பு.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம அதிகாரிகள் தங்கள் எல்லைக்குட்பட்ட கால்நடைகளின் தொகையையும், ஒவ்வொரு போகத்திலும் கிடைக்கும் வைக்கோலின் உத்தேச அளவையும் கணக்கெடுத்து வைத்திருந்தால், மிச்சம் உண்மையில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மாடு ஒன்றுக்கு 2 டன், ஏக்கருக்கு 2 டன் என்ற கணக்கை ஞாபகத்தில் வைத்தால் இது கடினமன்று. வறட்சி ஆண்டில் வைக்கோல் ஊரைவிட்டு வெளியேறுமுன், நிலமற்ற கறவைக்காரர்களுக்கு நியாய விலையில் கிடைக்கும்படி சொந்தக்காரர்களைக் கூட்டிப் பேசுவது அவர்களுடைய செல்வாக்குக்கு உட்பட்ட நற்காரியம். கட்டுகளைச் சேகரிக்கும் மேடு, குடிசைகளுக்கும் மின்சாரக் கம்பிகளுக்கும் தூரமாகவும், நீருக்கு அருகாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும்.

முடிவாகச் சொல்லவேண்டியது இது. தாவரத்தின் தண்டிலிருந்து சர்க்கரை எடுக்கலாம் என்பதில் இருநூறு ஆண்டுகளாகச் சந்தேகமில்லை. இலாபமாக எடுக்கலாமா என்பதே அன்று முதல் இன்று வரை தொழில் நிபுணர்கள் போராடி வரும் விஷயம். அவர்கள் வெற்றி பெற்றால் கொளுத்தப்படும் தோகைக்கும் தட்டைக்கும் விலை கிடைக்கும். கிராமங்களுக்கு வேலையும் வரும். அதை வரவேற்பதில் தவறில்லை. ஆயினும், காட்டின் பங்கையும் மாட்டின் பங்கையும் முதலில் அளந்து வைத்துவிட்டு, அதன் பிறகு மிஞ்சுவதையே புதிய பங்காளியின் கூடையில் போடவேண்டும். முந்தைய பங்காளிகள் எத்தனையோ பஞ்சத்திலும் குடியானவரைக் கைவிடாதவர்கள். புதியவர் இனிமேல்தான் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கவேண்டும்.